பீப் சைட் பொருத்திய முதல் நாள்: உங்களுக்கு என்ன ஆனது?

நாணேற்றி

"தெரியுதா?" என்று கேட்டார். "தெரியுது" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு மாதம் தண்டம் கட்டினேன்.

புது காம்பவுண்ட் வில், முனையில் கேம் என்னும் சக்கரம் வைத்தது. அம்பைத் தாங்கும் ரெஸ்ட், ரிலீஸை (நாணை விடும் கருவி) மாட்டும் டி-லூப் முடிச்சு எல்லாம் முடிந்து பீப் மட்டும் பாக்கி. பீப் என்றால் நாணின் இழைகளுக்கு நடுவே செருகும், துளையுள்ள சின்ன வளையம். அதன் வழியேதான் குறி பார்க்க வேண்டும். பொருத்திக் கொடுத்தவர் வில்லை வளைத்துப் பிடிக்கும் பிரஸ்ஸில் ஏற்றி, நாணைத் தளர்த்தி, இழைகளைப் பிரித்துச் செருகி, இறக்கிக் கையில் கொடுத்தார். அம்பு ஏற்றி இலக்கைப் பார்த்து நின்று, கண்ணை மூடி இழுத்து, ஆங்கரில், அதாவது முகத்தில் கை வந்து நிற்கும் வழக்கமான இடத்தில், நன்றாக உட்கார்ந்த பிறகுதான் கண்ணைத் திறக்க வேண்டும். அதுவும் எனக்குத் தெரியும். அப்படியே செய்தேன். திறந்தால் பீப்பின் கீழ் விளிம்புதான் கண்ணில் பட்டது, துளை அதற்கு மேலே இருந்தது. தலையை ஒரு பொட்டு தூக்கினேன், முழு வட்டமும் கிடைத்துவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கேட்டார். எனக்குப் பின்னால் மூன்று பேர் வில்லோடு காத்துக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை இறக்கி ஏற்றியாயிற்று. மூன்றாவது தடவை கேட்கக் கூச்சம்.

உடனே மேலும் கீழும் சர்விங் நூலால் கட்டி முடித்துவிட்டார். அப்புறம் இரண்டு மாதம். முதல் இருபது அம்பு ஒழுங்காகப் போகும், அதன் பிறகு மேலும் கீழுமாகச் சிதறும். பின்னங்கழுத்தில் வலி. நண்பன் ஒரு நாள் பக்கவாட்டில் நின்று வீடியோ எடுத்துக் காட்டினான். ஒவ்வொரு அம்புக்கும், தண்ணீர் குடித்துவிட்டு அண்ணாந்து பார்க்கும் கோழியைப் போல மோவாயைத் தூக்குகிறேன். ரிலீஸ், கை, தோள் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன் இதை மட்டும் சந்தேகப்படவே இல்லை.

பீப் உயரத்தைவிட அந்த "தெரியுது"தான் இன்னும் உறுத்துகிறது. இப்படி யாருக்காவது ஆகியிருக்கிறதா?

இடதுகண்

எனக்கு ஆனது வேறு. டியூப் வைத்த பீப். ரப்பர் டியூப்பின் ஒரு முனை பீப்பில், மறுமுனை வில்லின் கேபிளில். இழுக்கும்போது டியூப் விறைத்து பீப்பைக் கண்ணுக்கு நேராகத் திருப்பிவிடும், நாண் முறுக்கைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று சொல்லித்தான் போட்டுக்கொடுத்தார்கள்.

முழுக்க இழுத்து, குறி பார்க்கும் பின்னை நடுவில் நிறுத்தி, மூச்சை அடக்கிய நேரம். சட்டென்று ஒரு சத்தம், கண் முன்னால் வெள்ளையாக ஒரு வெடிப்பு. அறுந்த டியூப் இமையில் அடித்திருக்கிறது. அம்பு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. வில்லைப் போட்டுவிட்டு இமையைத் தொட்டுத் தொட்டு விரலைப் பார்த்தேன், ரத்தம் இருக்கிறதா என்று. இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதம், ரிலீஸ் தட்டும் நொடியில் கண் தானாக மூடிக்கொண்டது. டியூப்பைக் கழற்றி எறிந்த பிறகும் மூடியது.

டியூப் பீப் போடாதீர்கள். அவ்வளவுதான்.

மெழுகுக்கட்டி

இடதுகண் சார், கண்ணுக்கு ஒன்றும் ஆகாதது நல்லது. ஆனால் பழியை டியூப் மேல் போடுவது நியாயமில்லை. ரப்பருக்கு ஆயுள் உண்டு. வெயிலில் கிடந்தால் வெடிப்பு விடும், முனையில்தான் முதலில் தெரியும். இழுப்பதற்கு முன் வளைத்துப் பார்த்தால் போதும். பார்த்தீர்களா?

டியூப் இல்லாத பீப்தான் வேண்டும் என்றால் அதற்கும் உழைக்க வேண்டும். புது நாணில் பீப் திரும்பும். எல்லோரும் முதல் நாளே பதறுகிறார்கள். முதலில் இழைகளை எண்ணுங்கள். 24 இழை என்றால் இந்தப் பக்கம் 12, அந்தப் பக்கம் 12. இரண்டு நிற நாண் என்றால் பெரும்பாலும் ஒரு நிறம் ஒரு பக்கம், வேலை சுலபம். ஒரே நிறம் என்றால் நாணைச் சுற்றிய சர்விங் நூல் முடியும் இடத்திலிருந்து பிரித்துக்கொண்டு வரவேண்டும், நடுவில் குத்துமதிப்பாகப் பிரிக்கக் கூடாது. 13-க்கு 11 என்று போனால் பீப் ஒரு பக்கமாக இழுபடும். அப்புறம் நூறு, இருநூறு அம்பு விட்டு நாணைப் படிய விடுங்கள். அதுவரை பீப்பை நகர்த்த முடிகிற மாதிரி தற்காலிகமாகக் கட்டினால் போதும். படிந்த பிறகும் அரை வட்டம் திரும்பி நின்றால் பிரஸ்ஸில் ஏற்றி, நாணின் ஒரு முனையில் அரை முறுக்கு சேருங்கள், மறுமுனையில் அரை முறுக்கு எடுங்கள். மொத்த முறுக்கு மாறாது, அதனால் நாணின் நீளமும் மாறாது, கேம் சுழலும் நேரமும் கெடாது. நடுவில் இருக்கும் பீப் மட்டும் திரும்பும். ஒரு முனையில் மட்டும் முறுக்கிக்கொண்டே போகிறவர்கள், வில்லின் இழுப்பு எடை ஏன் மாறிவிட்டது என்று பிறகு வந்து கேட்பார்கள். சின்னத் திருப்பம் என்றால் முறுக்கே வேண்டாம், டி-லூப் முடிச்சை லேசாகத் திருப்பினாலே போதும். ரிலீஸ் பிடிக்கும் கோணம் மாறும், பீப்பும் கூடவே வரும்.

என் அனுபவம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தடவை தலைகீழாகப் போட்டேன். கழற்றித் திரும்பப் போட்டேன்.

இடதுகண்

வளைத்துப் பார்த்தேன் சார். முந்தின வாரம். நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம், ஆனால் அடி விழுந்தது என் இமையில்.

மூக்குநுனி

நான் சக்கரம் இல்லாத ரிகர்வ் வில்லிலிருந்து வந்தவள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி உண்டு என்று அறிவித்ததும் திடீர் ஆசை வந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. (எனக்கும் ஒலிம்பிக்குக்கும் உள்ள தூரம் எனக்கே தெரியும், சிரிக்காதீர்கள்.)

ரிகர்வ் போட்டியில் பீப் வைக்க அனுமதி கிடையாது. நாண் மூக்கையும் மோவாயையும் தொடுவதுதான் அளவு, கண் முன்னால் மங்கலாகத் தெரியும் நாணை வைத்துத்தான் நேர் பார்ப்போம். அதனால் துளை வழியே பார்ப்பது எனக்கு மோசடி மாதிரியே இருந்தது. இவ்வளவு சுலபமா என்று. வில்லில் முன்னால் இருக்கும் ஸ்கோப்பின் வட்டம் பீப்பின் வட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார வேண்டும் என்றார்கள். உட்கார்ந்தது. சின்னத் துளை துல்லியம் என்று யாரோ சொல்ல, இருந்ததிலேயே சின்னதாக, கால் அங்குலத்தில் பாதி உள்ள ஒன்றைப் போட்டுக்கொண்டேன்.

மதியம் வரை ராஜபோகம். சாயங்காலம் கடைசிச் சுற்று, 50 மீட்டர். இழுத்தேன், கண் திறந்தேன். பின்னின் பச்சைப் புள்ளி மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது. அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. 80 செ.மீ. இலக்கு அட்டை அங்கேதான் இருக்கிறது, பக்கத்தில் நிற்பவர்கள் அம்பு விட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும் இருட்டு. பீப்பை விட்டுத் தலையை ஒதுக்கிப் பார்த்தால் மஞ்சள் வட்டம் பளிச்சென்று தெரிகிறது. திரும்ப உள்ளே வந்தால் கறுப்பு. மூன்று தடவை இழுத்து இறக்கிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்துவிட்டேன். கோபம் வெளிச்சத்தின் மேல் இல்லை, என் மேல்தான். அத்தனை நாள் வெயிலில் நின்று பழகியவளுக்கு, துளை சுருங்கினால் வெளிச்சமும் சுருங்கும் என்று தோன்றவே இல்லையே!

கேம்சத்தம்

என்னிடம் பிரஸ் கிடையாது. பிளாஸ்டிக் ஆப்பு ஒன்றை இழைகளுக்கு நடுவே நுழைத்துப் பிரித்துப் பீப்பைத் திணித்தேன். உயரம் சரி, திருப்பம் சரி. நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று நூல் கட்டாமல் விட்டேன்.

பதினோராவது அம்பு. அடுத்ததை ஏற்றி இழுத்துக் கண்ணைத் திறந்தால் வெறும் நாண். பீப் இல்லை! போன அம்போடு பறந்திருக்கிறது, எனக்குச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அரை மணி நேரம் புல்லில் மண்டியிட்டுத் தேடினேன். எனக்கு முன்னால் ஏழெட்டு அடியில் கிடந்தது. முன்னால் பறந்ததால் பிழைத்தேன். பின்னால் வந்திருந்தால் என்று இப்போதும் ராத்திரியில் ஒரு நினைப்பு வரும்.

ஆனால் பிரஸ் இல்லாமல் போட முடியாது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் தப்பு நூலில்தான்.

மெழுகுக்கட்டி

கேம்சத்தம் தம்பி, பீப்பின் மேலும் கீழும் கட்டும் நூல் அலங்காரத்துக்கு இல்லை. பீப்பின் பள்ளத்துக்கு மேலே சில முடிச்சு, கீழே சில முடிச்சு, இரண்டும் பீப்பைப் பிடித்து நெருக்க வேண்டும். இழை ஒன்று அறுந்தாலும் பீப் அங்கேயே நிற்பது அந்த முடிச்சால்தான். ஆப்பு வைத்துப் பிரிக்கலாம், நானும் மறுக்கவில்லை. விறைப்பாக இருக்கும் இழையில் கூர்மையான எதையும் நுழைக்காதீர்கள், அவ்வளவுதான். ஸ்குரூடிரைவர் வைத்த ஆள்களையும் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: பீப் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அம்பில்லாமல் இழுக்காதீர்கள். கை தவறி விட்டால் அம்பு வாங்கிக்கொண்டு போகவேண்டிய வேகம் முழுவதும் வில்லின் வளையும் கையான லிம்பிலும் கேமிலும் இறங்கும். லிம்ப் பிளக்கும், நாண் கேமைவிட்டுத் தெறிக்கும். நாணேற்றி சார் அம்போடு இழுத்தது சரி. மற்றதுதான் சரியில்லை.

கேம்சத்தம்

யாரும் கேட்கவில்லையே சார். :)

நாணேற்றி

எல்லோருக்கும் நன்றி. போன வாரம் பீப்பை இறக்கிவிட்டேன். இந்தத் தடவை வேறு ஒருவரிடம். ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போனேன், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். கண்ணை மூடி ஐந்து தடவை இழுத்தேன். ஐந்து தடவையும் திறந்தபோது விளிம்பே தெரிந்தது. 9 மி.மீ. இறக்கிய பிறகு துளை தானாக வந்து கண்ணில் நின்றது. கழுத்து ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த வேடிக்கை அப்புறம்தான். பீப்பை இறக்கினால் அம்பும் இறங்கும் என்று தெரியும், இவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போடவில்லை. என் பீப்பிலிருந்து பின் வரை சுமார் 85 செ.மீ. அப்படியானால் 9 மி.மீ. நகர்வு 20 மீட்டரில் 21 செ.மீ. முதல் அம்பு அட்டைக்குக் கீழே, மெத்தையின் ஓரத்தில் போய்க் குத்தியது. பின்னையும் அதே அளவு கீழே இறக்கி, எல்லாத் தூரத்துக்கும் முதலிலிருந்து அளவு போட்டேன். இரண்டு மாதத்துக் குறிப்பு நோட்டு வீண்.

பழைய இடத்தில் இழைகள் இன்னும் லேசாகப் பிரிந்தே நிற்கின்றன. ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் துளைக்குச் சற்று மேலே அது தெரிகிறது.

மெழுகுக்கட்டி

மெழுகு தடவித் தேயுங்கள், நூறு அம்பில் சேர்ந்துவிடும்.

நாணேற்றி

தடவியாயிற்று சார். இன்றைக்கு நூற்றி நாற்பது.