ஔவையாரைத் தேடிய மாணவியும் புள்ளியைத் துடைத்த நிரலும்

பொறியியல் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ப்ராஜெக்ட் சீசன் வந்துவிட்டால் கணினித்துறை, மின்னணுத்துறை, பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் நூலக அறிவியல் ஆய்வாளர்கள் என்று எல்லோரும் எங்கள் அறைக்குத்தான் வருவார்கள். "மேடம், லைப்ரரியில ஏதாவது பிரச்சினை இருந்தா சொல்லுங்க, அதையே ப்ராஜெக்டா எடுத்துக்கறோம்" என்பார்கள். அப்படி வந்தவர்களில் பலர் தீசிஸ் முடிந்ததும் போய்விட்டார்கள். சிலர் செய்த வேலை மட்டும் இன்றைக்கும் எங்கள் நூலகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சிலர் என்ன செய்தார்கள் என்பதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

முதலில் ஒரு எம்.இ. மாணவி. தமிழில் தேடுவது பற்றி ஏதாவது செய்ய வேண்டும் என்பதோடு வந்திருந்தார், வேறு யோசனை இல்லை. கேட்டலாகில் 'ஔவையார்' என்று தேடிப் பார்க்கச் சொன்னேன். சில புத்தகங்கள் வந்தன. "இப்போ அந்த ரேக்கைப் போய்ப் பாரும்மா" என்றேன். திரையில் வராத உரைநூல்களும் பழைய பதிப்புகளும் அங்கே வரிசையாக நின்றன. எல்லாமே பதிவேட்டில் முறையாக ஏறியவைதான். திரும்பி வந்து அந்தப் பதிவுகளைத் திறந்து பார்த்தால், அவற்றிலும் 'ஔவையார்' என்றே இருப்பதுபோல் தெரிகிறது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

அவர் இரண்டையும் நகலெடுத்து எழுத்து எழுத்தாகக் குறியெண்ணைப் பிரித்துக் காட்டினார். யூனிகோடில் ஔ என்பதற்குத் தனியாக ஓர் எண் இருக்கிறது. ஆனால் எங்களிடம் தட்டச்சு செய்தவர்களில் பாதிப் பேர் ஒகரத்தைத் தட்டி, பக்கத்தில் ளகரத்தைத் தட்டியிருக்கிறார்கள். பார்க்க ஔ, கணினிக்கு ஒ, ள என்று இரண்டு எழுத்து. கௌரி, மௌனம், பௌத்தம் எல்லாவற்றுக்கும் இதே கதி. இது போதாதென்று 'அவ்வையார்' என்று பதிந்தவை தனிக்கூட்டம்.

எல்லா 'ஒள'வையும் 'ஔ' ஆக மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். அப்படிச் செய்தால் ஒளி கெட்டுப்போகும், ஒளவையாரோடு சேர்ந்து ஒளிவிளக்கும் மாறிவிடும். அதனால் அவர் ளகரத்துக்கு அடுத்து என்ன வருகிறது என்று பார்க்கும் விதி ஒன்றை எழுதினார். ளகரத்தின் மேல் புள்ளியோ, அதற்குப் பின் கொம்பு, கால், கொக்கி ஏதாவதொன்றோ இருந்தால் தொடாதே. வெறும் ளகரமாக நின்றால் ஔகாரமாக எடுத்துக்கொள். 'வெள்ளம்' தப்பித்தது, 'வெளவால்' வௌவால் ஆனது. சந்தேகமானவற்றை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்து என் மேசையில் வைத்தார், நானும் உதவி நூலகரும் உட்கார்ந்து பார்த்தோம். பதிவுகளில் கை வைக்காமல், தேடும் இடத்தில் மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும்படி செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மூலப் பதிவு அப்படியே இருக்கிறது. நாளைக்கு வேறொருவர் வந்து இதைவிட நல்ல விதி எழுதலாம்.

இதை அவரால் செய்ய முடிந்ததற்கு ஒரு காரணம் எங்கள் கேட்டலாக்கை நடத்தும் கோஹா. நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு, 2000-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட மென்பொருள் அது. உள்ளே போய்ப் பார்க்கலாம், மாற்றலாம். மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் வேலை தீசிஸோடு முடிந்திருக்கும்.

அடுத்தது ஓசிஆர், பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் வேலை. இதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

பட ஆய்வில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த ஒருவர், அச்சிட்ட தமிழ்ப் பக்கத்தை எழுத்தாக மாற்றும் நிரலோடு வந்தார். டெசராக்டை அடிப்படையாக வைத்து மேலே பயிற்சி கொடுத்திருந்தார். 1985-இல் எச்.பி. நிறுவனத்தில் தொடங்கி, 2005-இல் பொதுவுக்கு வந்து, 2018-இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து நரம்பணு வலையமைப்பில் ஓடும் நிரல் அது. புதுப் புத்தகங்களில் அருமையாக வேலை செய்தது. நான் உள்ளே போய் 1930-களில் அச்சான ஒரு புத்தகத்தை எடுத்து வந்து கொடுத்தேன்.

முதல் பக்கத்திலேயே திணறியது. 1978-இல் தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் ணை, லை, ளை, னை நான்கும் எழுத்தின் தலையில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழியோடுதான் அச்சாகும். ணா, றா, னா ஆகியவற்றுக்குத் தனித்தனி வடிவம், அதையொட்டி ணொ, றோ வகையறாக்கள். ஆக மொத்தம் 13 எழுத்துகள். நிரல் படித்துப் பழகியதெல்லாம் புது எழுத்து, பழைய லையை அது பார்த்ததே இல்லை. பக்க எண்ணிலும் சிக்கல். ௧ என்பதைக் ககரமாகப் படித்தது, ௭ எகரமானது, ௮ அகரமானது. நம் எண்கள் எழுத்தின் சாயலில் இருப்பதால் மனிதர்களே சில சமயம் குழம்புகிற இடம் அது.

அவர் எழுத்துக்கு 95 சதவீதம் சரி என்று கணக்குச் சொன்னார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நூலகத்தில் யாரும் எழுத்தைத் தேடுவதில்லை, சொல்லைத் தேடுகிறார்கள். ஆறு எழுத்துள்ள சொல்லில் ஆறும் சரியாக வந்தால்தான் தேடும்போது கிடைக்கும். 0.95-ஐ ஆறு முறை பெருக்கினால் ஏறக்குறைய 0.74. நான்கில் ஒரு சொல் காணாமல் போகிறது. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டியதும் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "மேடம், இனிமே சொல்லுக்கு எவ்வளவுன்னுதான் ரிப்போர்ட் பண்ணுவேன்" என்றார். தீசிஸிலும் அப்படியே செய்தார். எண் குறைவாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று துணிந்த அந்த நேர்மைக்காகவே அவர் மேல் எனக்குப் பெரிய மதிப்பு.

அதைவிடப் பெரிய சிக்கல் புள்ளி. ஸ்கேன் செய்த படத்தில் தூசு, கறை, பூச்சி அரித்த தடம் எல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகளாக விழும். அதை நீக்க ஒரு வடிகட்டி போடுவார்கள், இவ்வளவு சிறிய கறுப்பாக இருந்தால் அழித்துவிடு என்று. ஆங்கிலப் பக்கத்தில் இது பெரிய சேதம் செய்யாது. தமிழில் மெய்யெழுத்தின் உயிரே அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது. பழைய அச்சில் அது தூசு அளவுக்குத்தான் விழுந்திருக்கும். வடிகட்டி இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. 'பல்' என்பது 'பல' ஆகிவிட்டது, 'கல்' என்பது 'கல' ஆகிவிட்டது. எல்லாமே அகராதியில் இருக்கிற சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை பார்க்கும் நிரலும் பிடிக்காது.

வடிகட்டியை எவ்வளவு தளர்த்தியும் சில பக்கங்கள் மட்டும் சரியாகவே இல்லை. அப்போதுதான் எங்கள் ஊரில் லெட்டர் பிரஸ்ஸில் ஈய எழுத்துகளைக் கோக்கும் கம்போசிட்டராக இருந்து, பிறகு புரூஃப் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஐயாவை அழைத்து வந்தோம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். "இதுல புள்ளி அழியலம்மா, விழவே இல்ல. டைப்பு தேஞ்சு போச்சு. பாருங்க, இந்தப் பக்கம் பூரா இந்த ஒரு எழுத்துக்குத்தான் புள்ளி இல்ல, மத்ததுக்கெல்லாம் இருக்கு" என்றார். விரலால் தடவி, மை அழுந்திய பள்ளம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதையும் காட்டினார்.

அந்த ஒரு பேச்சு ஆராய்ச்சியின் போக்கையே மாற்றியது. புள்ளி மங்கலாக இருக்கும் பக்கங்களுக்குப் படத்தைச் சரிசெய்யும் வழி. புள்ளியே விழாத பக்கங்களுக்குப் படத்தை என்ன செய்தாலும் பயனில்லை, முன்பின் சொற்களை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். இரண்டையும் ஒரே குவியலாகப் போட்டுத்தான் அதுவரை மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஐயா வாரக்கணக்கில் வந்து உட்கார்ந்து பக்கங்களைப் பிரித்துக் கொடுத்தார். நூலக அறிவியல் மாணவர்கள் அவர் சொல்லச் சொல்ல வரி வரியாகத் தட்டச்சு செய்து, படத்துக்கு நேராகச் சரியான பாடத்தைச் சேர்த்தார்கள். ஓசிஆருக்குப் பயிற்சி கொடுக்க இந்த இணைதான் சோறு தண்ணீர். கட்டுரையில் இந்த வேலை 'தரவு தயாரிப்பு' என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். அந்த ஐயாவின் பெயர் நன்றியுரையில் வந்தது, முதல் பக்கத்தில் வந்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

மின்னணுத்துறைப் பையன்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புத்தகத்தில் ஒட்டிய சின்ன வில்லையைத் தொடாமலே படிக்கும் ஆர்எஃப்ஐடி கருவியைக் கையில் பிடித்து ரேக் ஓரமாக நடந்தாலே ஸ்டாக் வெரிஃபிகேஷன் முடியும் என்று செய்திருந்தார்கள். லேபில் மர மேசையில் எல்லாப் புத்தகமும் பதிவாயின. எங்கள் இரும்பு ரேக்குக்கு வந்ததும் ஓரத்தில் இருந்தவை காணோம். 13.56 மெகாஹெர்ட்ஸில் ஓடும் காந்தப்புலத்தை இரும்பு கெடுத்துவிடும், ஒட்டியிருக்கும் வில்லையின் அதிர்வெண்ணும் நகர்ந்துவிடும். மெல்லிய கவிதைத் தொகுப்புகளில் இன்னொரு தொல்லை: அடுத்தடுத்த வில்லைகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து ஒன்றையொன்று மறைத்தன. தீர்வு எளிமையானதுதான். வில்லையை எல்லாப் புத்தகத்திலும் ஒரே இடத்தில் ஒட்டாமல் மேலே, நடுவே, கீழே என்று மாற்றி ஒட்டினோம், ரேக்கின் இரு முனையிலும் கொஞ்சம் இடம் விட்டோம். லேபிலேயே இருந்திருந்தால் இது அவர்களுக்குத் தெரிந்தே இருக்காது.

நூலக அறிவியலில் கேள்வித்தாள் ஆய்வுகள்தான் எங்களிடம் அதிகம் வரும். 'நூலகச் சேவையில் திருப்தியா, மிகவும் திருப்தியா' என்று கட்டம் போட்ட தாள். பிள்ளைகள் வகுப்புக்கு ஓடுகிற அவசரத்தில் ஒரே கோட்டில் டிக் அடித்துவிட்டுப் போவார்கள். அதை வைத்து எழுதும் முடிவுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை, கேட்டு வருபவர்களிடமும் அதைச் சொல்லிவிடுவேன். ஒரே ஒரு ஆய்வாளர் மட்டும் கேள்வித்தாளை ஓரமாக வைத்துவிட்டு, தேடி ஒன்றும் கிடைக்காமல் போன தேடல்களின் பதிவைக் கேட்டார். சர்வரிலிருந்து பெயர் விவரங்களை நீக்கி எடுத்துக் கொடுத்தோம். அதில் என்னவெல்லாம் இருந்தது! தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்தவர்கள், அதிலும் ழகரத்துக்கு ஆளுக்கொரு எழுத்து. தலைப்பு தெரியாமல் அட்டையின் நிறத்தை அடித்தவர்கள். பாடத்திட்ட எண்ணை அடித்தவர்கள். இப்போது எங்கள் கேட்டலாகில் பாடத்திட்ட எண்ணை அடித்தால் அந்தப் பாடத்தின் புத்தகங்கள் வரும். அது அந்த ஆய்வாளரின் உபயம்.

இப்படி நேரில் பார்த்து ஆராய்வது நூலக அறிவியலுக்குப் புதிதல்ல, நம் மண்ணிலேயே நடந்தது. 1892-இல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகச் சேர்ந்து, பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கே ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமான், அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி வேறு வேறு பொருளாக்குவதைப் பார்த்ததிலிருந்துதான் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் கோலன் பகுப்பு முறைக்கான வழி அவருக்குத் திறந்தது. அது 1933-இல் நூலாக வந்தது. அதற்கு முன்பே, 1931-இல், நூலகவியலின் ஐந்து விதிகள். நான்காவது விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. தேடி ஒன்றும் கிடைக்காத ஒவ்வொரு தேடலும் அந்த விதி மீறப்பட்ட இடம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் ஆய்வு செய்யும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன். பொறியியல், கணினி, நூலகவியல் எல்லாவற்றையும் ஒரே இதழில் வெளியிடுகிறோம், பணம் கட்டினால் சில நாளில் ஏற்றுக்கொள்கிறோம் என்று மெயில் வரும். துறைகள் கலந்திருப்பதில் தவறில்லை, மேலே சொன்ன எல்லாமே துறைகள் கலந்த வேலைதான். ஆனால் சில நாளில் யாரும் உங்கள் கட்டுரையைப் படித்துத் திருத்தம் சொல்ல முடியாது. அந்தப் பணத்துக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, நிரலையும் தரவையும் ஒரு விளக்கக் குறிப்போடு நூலகத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். வைவா முடிந்ததும் லேப் கணினியை ஃபார்மட் செய்து, அதோடு ஒரு நல்ல வேலை மொத்தமாகப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது எங்களிடம் இருக்கும் ஆய்வாளர் ஆசிரியர் பெயர்களில் இறங்கியிருக்கிறார். உ. வே. சாமிநாதையர், உ. வே. சாமிநாத ஐயர், சாமிநாதையர் உ. வே., உ.வே.சா. எல்லாம் கேட்டலாகில் வெவ்வேறு ஆட்களாக நிற்கிறார்கள். குடும்பப் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால் என்று மேல்நாட்டுக்காக அமைந்த கட்டத்தில் இனிஷியல் போடும் நம் பெயர்கள் உட்காருவதில்லை. ஒரே ஆளின் எல்லா வடிவங்களையும் ஓர் எண்ணின் கீழ் கட்டும் பட்டியலை, அத்தாரிட்டி ஃபைல் என்போம், அவர் கையால் தொடங்கியிருக்கிறார். ஒரே பெயரில் இரண்டு புலவர்கள் வரும் இடங்களில்தான் அதிகம் தடுமாறுகிறார். உங்கள் நூலகத்தில் யாராவது இப்படி ஒரு பட்டியல் வைத்திருந்தால், கையெழுத்து நோட்டாக இருந்தாலும் சரி, சொல்லுங்கள். நாங்களே வந்து தட்டச்சு செய்துகொள்கிறோம்.