பஞ்ச்ருத் கிராமத்தில் கேட்ட சிங்கம்-முயல் கதை

தஜிகிஸ்தானில் மருத்துவம் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் பலர் தலைநகர் துஷான்பேயைத் தாண்டுவதில்லை. நான் படித்தபோது என் வகுப்புத் தோழன் அந்நாட்டின் மேற்கே இருக்கும் பஞ்சகெண்ட் நகரத்துக்காரன். அவனோடுதான் பஞ்ச்ருத் போனேன். ஐந்து கிலோமீட்டர் நீள அன்சோப் சுரங்கத்தைக் கடந்து, ஸரஃப்ஷான் ஆற்றோடு மேற்கே போய், அப்புறம் ஒரு கிளையாற்றங்கரையில் ஏறினால் ஊர் வரும்.

பாரசீகக் கவிதையின் முன்னோடியான ரூதகி 941-ல் இறந்தது இங்கேதான். புகாரா நகரில் சாமானித் வம்சத்து அமீரின் (மன்னரின்) அவையில் செல்வாக்கோடு இருந்தவர், வறுமையோடு ஊர் திரும்பினார். கல்லறை எது என்பதே மறந்துபோயிருந்தது. 1940-ல் எழுத்தாளர் சத்ருதீன் அய்னி அடையாளம் காட்டினார். 1956-ல் மண்டையோட்டிலிருந்து முகத்தை வடித்துக் காட்டும் சோவியத் மானிடவியலாளர் கெராசிமோவ் எலும்புகளை ஆராய்ந்து, காய்ச்சிய இரும்பால் கண்களைச் சுட்டிருக்கிறார்கள் என்றார். நினைவு மண்டபத்தில் இருந்த பெரியவர் இதைச் சொல்லிக்கொண்டே மோவாயை உயர்த்தி, முகத்தை வெயிலுக்குக் காட்டி நின்றார். பார்வையற்றவர்கள் தலையை அப்படி வைத்திருப்பதன் அடையாளம் கழுத்தெலும்பிலும் இருந்ததாம். எனக்குப் பேச்சே வரவில்லை.

அப்புறம் பச்சைத் தேநீரும் ரொட்டியும் வைத்து ஒரு கதை சொன்னார். தோழன் மொழிபெயர்த்தான். முயல் சிங்கத்தைக் கிணற்றடிக்கு அழைத்துப்போகும் இடம் வந்ததும், மீதியை நானே சொல்லிவிட்டேன். பெரியவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்! அது நம் பஞ்சதந்திரக் கதை. பஞ்சதந்திரம் பஹ்லவி என்ற பழைய பாரசீக மொழிக்கும் அரபிக்கும் போய், அங்கிருந்து ரூதகியின் கையில் பாரசீகச் செய்யுளானது. இன்று அதில் சிதறிய ஈரடிகள்தான் மிச்சம். அந்த நூல் முழுசாகக் கிடைக்காதா என்று இன்னும் ஏங்குகிறேன்.

மறுமொழி:

அண்ணா, ரூதகிக்கு நூறு வருஷத்துக்கும் முன்பே அந்தக் கதை ஸரஃப்ஷான் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு வந்துவிட்டது. 722-ல் அரபுப் படையிடம் வீழ்ந்த பஞ்சகெண்ட்டில் அந்தப் பகுதியின் பழைய குடிகளான சோக்தியர்கள் மறுபடி வீடு கட்டி, சுவரெல்லாம் ஓவியம் தீட்டினார்கள். மேலே வீரர் கதைகள், அடியில் சின்னச் சின்னக் கட்டங்களில் நீதிக்கதைகள். சிங்கமும் முயலும் அவற்றில் உண்டு. நான் போனபோது பழைய நகரத்தில் மண்மேடுகளும் இடிந்த சுவர்களும்தான் இருந்தன. பிறகு ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில், அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுபோன, பாரசீகக் காவிய வீரன் ருஸ்தமின் ஓவியத்தைப் பார்த்தேன். அந்த நீலம் இன்னும் மங்கவில்லை. போகிறவர்கள் முதலில் துஷான்பே அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியங்களைப் பார்த்துவிட்டுப் போங்கள். அந்த மேடுகளில் எது கூடம், எது தெரு என்று அப்போதுதான் பிடிபடும்.