உதவி: குடும்ப நல ஆய்வு-5 தமிழ்நாட்டுத் தரவை ஊரடங்குக்கு முன், பின் என்று பிரிக்கலாமா? தென்காசியும் காணோம்

நெல்லை மாணவி
வணக்கம். பொது சுகாதாரம் முதுகலை படிக்கிறேன். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வை வைத்துக் குழந்தைகளுக்கான தடுப்பூசி பற்றி எழுதுகிறேன். நம் மாநிலத்தில் களப்பணி 2020 ஜனவரி 6-இல் தொடங்கி, மார்ச் 21-இல் நின்றுபோய், டிசம்பர் 21-இல் மறுபடி தொடங்கி, 2021 மார்ச் 31-இல் முடிந்திருக்கிறது. அதனால் முதல் பாதியைக் கொரோனாவுக்கு முன், இரண்டாம் பாதியைக் கொரோனாவுக்குப் பின் என்று ஒப்பிடலாம் என நினைத்தேன்.

ஆனால் பேட்டி தேதி இருக்க வேண்டிய இடத்தில் 1441, 1454 என்று ஏதோ எண்கள் வருகின்றன. எங்கள் தென்காசி மாவட்டம் பட்டியலிலேயே இல்லை. இன்னொன்றும் குழப்புகிறது. 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் முழுத் தடுப்பூசி போட்டவர்கள் 2015-16 ஆய்வில் 69.7 சதவீதம், இதில் 89.2. ஊரடங்கில் என் அக்கா மகனுக்கு ஊசி தள்ளிப்போனதைக் கண்ணால் பார்த்தவள் நான். அந்தத் தடங்கல் இந்த எண்ணில் எங்கே போயிற்று?

கணக்கன்
முதலில் சுலபமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்த எண் 1900-இலிருந்து எண்ணிய மாதக் கணக்கு. ஆண்டிலிருந்து 1900-ஐக் கழித்து, 12-ஆல் பெருக்கி, மாதத்தைக் கூட்டுங்கள். 2020 ஜனவரி 1441, 2021 பிப்ரவரி 1454. உங்கள் முதல் பாதி 1441 முதல் 1443 வரை, இரண்டாம் பாதி 1452 முதல் 1455 வரை.

தென்காசி தொலைந்து போகவில்லை. இந்த ஆய்வு 2017 மார்ச் 31 அன்று இருந்த மாவட்டங்களை வைத்து எடுத்தது. தமிழ்நாட்டுக்கு அப்போது 32 தான். தென்காசி பிரிந்தது 2019-இல், ஆகவே அந்த ஊர்களெல்லாம் திருநெல்வேலிக்குள் இருக்கின்றன. கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறைக்கும் இதே கதைதான். தரவை வைத்துத் தனியே பிரிக்க முயலாதீர்கள்.

முன், பின் என்று பிரிப்பதுதான் ஆபத்து. களக்குழுக்கள் மாவட்டம் மாவட்டமாக நகரும். மாநிலத்தைக் குலுக்கிப்போட்டு இரண்டாகப் பிரித்ததல்ல இது. மாவட்டத்தையும் பேட்டி மாதத்தையும் குறுக்கு அட்டவணை போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பேட்டிக்கும் கொடுத்திருக்கும் புள்ளியியல் எடை மதிப்பும் (weight) முழு மாதிரிக்காகக் கணித்தது, பாதிக்கு அது பொருந்தாது. நீங்கள் பார்க்கும் வித்தியாசம் கொரோனாவால் வந்ததா, மாவட்டத்தால் வந்ததா என்று சொல்ல முடியாமல் போகும்.

நெல்லை மாணவி
போட்டுப் பார்த்தேன் சார். சமமாகப் பிரியவே இல்லை. பக்கத்து மாநிலமான கேரளாவை வைத்து ஒப்பிட்டால் என்ன?

கணக்கன்
கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா எல்லாமே ஆய்வின் முதல் கட்டத்தில், ஊரடங்குக்கு முன்பே முடிந்துவிட்டன. ஊரடங்குக்குப் பிந்தைய பேட்டி அங்கே இல்லை.

முன்னாள் களப்பணியாளர்
தங்கச்சி, நான் இந்த ஆய்வில் பேட்டி எடுத்தவள். இரண்டு பாதியிலும் போனேன். தடுப்பூசிக்கு நாங்கள் முதலில் அட்டையைத்தான் கேட்போம். அட்டை இருந்தால் ஒவ்வொரு ஊசிக்கும் நாள், மாதம், ஆண்டு பார்த்து மினி லேப்டாப்பில் ஏற்றுவோம். இல்லையென்றால் அம்மா சொல்வதைப் போடுவோம், அதில் தேதி இருக்காது.

டிசம்பரில் திரும்பப் போனபோது வீட்டுக்குள் விடத் தயங்கினார்கள். ஹீமோகுளோபின் பார்க்க விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்போம். அதைக் கொரோனா டெஸ்ட் என்று நினைத்துக் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. ஒரு வீட்டில் அட்டையை பாலிதீன் பையில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். ஆறாவது வாரம் போட வேண்டிய ஊசிக்கு எதிரே பேனாவால் ஜூன் மாதத் தேதி. "நர்ஸம்மா வரலை, பஸ்ஸும் இல்லை, அப்புறம் கூப்பிட்டுப் போட்டாங்க" என்றார் அந்த அம்மா. ஆய்வில் அந்தக் குழந்தை "போட்டாச்சு" கணக்கில்தான் வரும். உன் கேள்விக்குப் பதில் அந்தத் தேதியில் இருக்கிறது.

கணக்கன்
இதுதான் சரியான வழி. பேட்டி மாதத்தை விட்டுவிட்டுக் குழந்தையின் பிறந்த மாதத்தைப் பிடியுங்கள். 2020 பிப்ரவரி நடுவில் பிறந்த குழந்தைக்குப் பெண்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி) 6, 10, 14 வாரத் தவணைகள் மார்ச் கடைசி, ஏப்ரல் கடைசி, மே கடைசி என்று நேராக ஊரடங்கில் விழுகின்றன. 2019 ஜூலையில் பிறந்த குழந்தைக்கு 9 மாதத் தட்டம்மை ஊசி ஏப்ரலில் விழுகிறது. ஆனால் முதல் பாதியில் பேட்டி எடுத்த 12 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு இந்தத் தவணைகளெல்லாம் ஊரடங்குக்கு முன்பே வந்துவிட்டன.

எனவே "போட்டார்களா" என்று கேட்காதீர்கள். "உரிய நாளிலிருந்து எத்தனை நாள் தள்ளி" என்று கேளுங்கள். ஒரே மாவட்டத்துக்குள், தவணை ஊரடங்கில் விழுந்த குழந்தைகளையும் விழாதவர்களையும் ஒப்பிடுங்கள். மாவட்டத்துக்கு எண்ணிக்கை குறைவாக இருக்கும், அதனால் மாவட்டம் வாரியாகச் சதவீதம் போடாமல் மாவட்ட விளைவைப் புள்ளியியல் மாடலுக்குள் (model) சேர்த்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: அட்டை உள்ள குழந்தைகளுக்கு மட்டுமே தேதி உண்டு. அட்டையைப் பத்திரமாக வைக்கிற வீடும் தொலைத்த வீடும் ஒன்றல்ல. இரு தரப்பையும் தாயின் படிப்பு, வசதி, கிராமம் நகரம் வாரியாக ஒப்பிட்டு முதல் அட்டவணையாகவே போட்டுவிடுங்கள்.

நெல்லை மாணவி
மிக்க நன்றி சார், நன்றி அக்கா. இரண்டு வாரமாகத் தவறான இடத்தில் தோண்டிக்கொண்டிருந்தேன். நேற்றிரவு பிறந்த மாதம் வாரியாக அடுக்கி, அட்டைத் தேதி உள்ளவர்களைத் தனியே எடுத்துவிட்டேன். அக்கா, ஒன்று கேட்க வேண்டும். சில குழந்தைகளுக்கு ஊசி போட்டதாகக் குறி இருக்கிறது, தேதி காலி. அது ஏன்?

முன்னாள் களப்பணியாளர்
அட்டையில் டிக் மட்டும் இருந்திருக்கும், தேதி எழுதியிருக்க மாட்டார்கள். அதற்கென்று தனிக் குறியீடு உண்டு. நீயாக ஒரு தேதியை இட்டு நிரப்பாதே, தள்ளிப்போன நாள் கணக்கிலிருந்து விலக்கிவிட்டு, எத்தனை பேர் என்று மட்டும் அடிக்குறிப்பில் எழுது.