தொடை இடுக்குல அரிப்பு, டியூப் போட்டா அடங்குது, நிறுத்துனா திரும்ப வருது

நாமக்கல்_டிரைவர்:
வணக்கங்க. நான் லாரி ஓட்டுறேன், லோடு ஏத்திட்டு கெளம்புனா நாள் முழுக்க சீட்லயே தான், இன்ஜின் சூட்டுல இடுப்புக்கு கீழ எல்லாம் வேர்த்து நனைஞ்சுரும். தொடை இடுக்குல வட்டமா செவந்து ஓரத்துல மட்டும் பொரிப்பொரியா வந்துச்சு, மெடிக்கல்ல கேட்டதுக்கு ஒரு டியூப் குடுத்தாங்க, போட்டதும் அரிப்பு நின்னுருது, விட்டா மறுபடி வருது, இப்ப இடுப்பு, பின்பக்கம் வரைக்கும் பரவிடுச்சு. விதைப்பைலயும் எரிச்சல். வீட்டுக்காரிக்கும் இடுப்புல அதே மாதிரி வட்டம். பொம்பள சீக்குன்னு சொல்றாங்களே அதுவா இருக்குமோன்னு பயமா இருக்குங்க. டாக்டர்கிட்ட காட்ட கூச்சமாவும் இருக்கு.

மதுரை_பார்மசி:
அண்ணே, முதல்ல அந்த டியூப் பின்னாடி என்ன எழுதிருக்குன்னு பாருங்க. க்ளோபீட்டசால், பீட்டாமெத்தசோன்னு இருந்தா அது ஸ்டீராய்டு. நீங்க சொல்றத வச்சு பார்த்தா படர்தாமரைங்கற பூஞ்சைத் தொற்று மாதிரி தான் தெரியுது, நடுவுல ஆறுன மாதிரி இருந்து ஓரம் மட்டும் செவந்து தடிச்சு பரவுறது அதோட அடையாளம். ஸ்டீராய்டு போட்டா செவப்பும் அரிப்பும் தான் அடங்கும், பூஞ்சை சாகாது, உள்ளுக்குள்ள நல்லா வளரும். ரொம்ப நாள் போட்டா தோல் மெலிஞ்சு, தொடையில பிரசவத் தழும்பு மாதிரி கோடு விழும், அந்தக் கோடு போகவே போகாது. 2018-லயே 14 வகை ஸ்டீராய்டு க்ரீம டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு மத்திய அரசு உத்தரவு போட்டாச்சு, இன்னும் கேட்டா எடுத்துக் குடுக்குற கடைங்க இருக்கு, எனக்கு அதுல ரொம்ப கோவம்.

இன்னொண்ணு, படர்தாமரை பெரும்பாலும் விதைப்பைய விட்டுட்டு தொடையில தான் படரும். உங்களுக்கு அங்க எரியுதுன்னா அந்த க்ரீமாலயே இருக்கலாம், ஏன்னா அந்தத் தோல் ரொம்ப மெல்லிசு, முழங்கைக்கு கீழ போடுறதவிட 40 மடங்கு மருந்த உறிஞ்சும். டெட்டால், எலுமிச்சை, பூண்டு எதுவும் போட்டுறாதீங்க, வெந்துரும்.

சுகர்_சேலம்:
எனக்கு தொடையில இல்ல, முன்தோல்ல செவந்து வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சு தோல் வெடிச்சு வெடிச்சு வந்துச்சு. டாக்டர் பார்த்த உடனே சுகர் டெஸ்ட் எழுதுனாரு, அதுல தான் எனக்கு சுகர் இருக்கறதே தெரிஞ்சுது. அது கேண்டிடான்னு வேற பூஞ்சை. ஒக்காந்தே வேலை பாக்குறவங்க கண்டிப்பா சுகர் பாத்துருங்க தம்பி.

தோல்_ஓபி_நர்ஸ்:
அண்ணா, கூச்சப்படாதீங்க, எங்க ஓபிக்கு தினமும் வர்றதுல நெறைய பேருக்கு இதே பிரச்சனை தான். இது பால்வினை நோய் வகையில சேராது, ஒட்டிப் பழகுறதாலயும் ஒரே துண்டு, ஒரே படுக்கைனாலயும் பரவும், அதனால தான் அக்காவுக்கும் வந்திருக்கு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மருந்து எடுக்கணும். புண்ணு, கொப்புளம், சீழ் வடியுறது, கவட்டையில நெறி கட்டுறது இருந்தா மட்டும் அது வேற, தாமதிக்காம காட்டணும். ராத்திரில தான் அரிப்பு அதிகம், விரல் இடுக்குலயும் ஆண்குறிலயும் சின்னச் சின்னதா கட்டி இருக்குன்னா அது சொறி சிரங்கு, அதுக்கு மருந்தே வேற.

இவ்ளோ பரவிட்டதால க்ரீம் மட்டும் பத்தாது, இட்ராகோனசோல் மாதிரி மாத்திரை வாரக்கணக்குல எழுதுவாங்க, வேற மாத்திரை ஏதாவது சாப்பிட்டா முதல்லயே சொல்லிருங்க. அரிப்பு போனதும் பாதில நிறுத்துனா திரும்ப வந்துரும். கால் விரல் இடுக்குல சேத்துப்புண் இருக்கான்னும் பாருங்க, அங்க இருந்து ஜட்டி வழியா மேல ஏறும்.

நாமக்கல்_டிரைவர்:
கால்லயும் இருக்குங்க மேடம். நாளைக்கு ஒரு ட்ரிப் இருக்கு, அதுவரைக்கும் அரிப்புக்கு மாத்திரை போட்டுக்கலாமா?

தோல்_ஓபி_நர்ஸ்:
வண்டி ஓட்டுறப்ப அவில், செட்ரிசின் எதுவும் வேண்டாம், தூக்கம் வரும். லூசான காட்டன் ஜட்டி ரெண்டு எக்ஸ்ட்ரா எடுத்து வச்சுக்கோங்க, நனைஞ்சா மாத்திருங்க, குளிச்சா இடுக்கு நல்லா காய்ஞ்சப்புறம் போடுங்க. துணிய வெந்நீர்ல ஊறவச்சு வெயில்ல காயப்போட்டு உள்பக்கம் அயர்ன் பண்ணச் சொல்லுங்க. ட்ரிப் முடிஞ்சதும் ஜிஎச் தோல் ஓபிக்கு அக்காவோட வாங்க, அன்னைக்கு காலைல எந்த க்ரீமும் போட வேண்டாம், ஓரத்த லேசா சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்ல பார்ப்பாங்க, க்ரீம் இருந்தா சரியா தெரியாது. அந்த டியூப மறக்காம கைல எடுத்துட்டு வந்துருங்க.