ஆறு வயசுப் பையன், தீபாவளிக்கு மாடியில வெடிக்கலாமா?

வில்லிவாக்கம் அம்மா:
எங்க தெரு ஒடுக்கம், ரெண்டு பக்கமும் பைக் நிக்குது. அதனால மொட்டை மாடியில வெடிக்கலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். பையனுக்குக் கம்பி மத்தாப்பு மட்டும் கொடுத்தா பயமில்லைதானே?

கொளத்தூர்க்காரன்:
மாடின்னா கொடித்துணியை எடுத்துடுங்க. பிளாஸ்டிக் டேங்க் பக்கத்துல வேண்டாம், ராக்கெட் வேண்டவே வேண்டாம். காலையில 6-7, ராத்திரி 7-8தான் அனுமதி நேரம்.

தீக்காய வார்டு நர்ஸ்:
அம்மா, நீங்க பயமில்லைன்னு நினைக்கிற கம்பி மத்தாப்புதான் எனக்குப் பெரிய கவலை. எரியும்போது சூடு 1000 டிகிரி செல்சியஸை எட்டும். அணைஞ்ச பிறகும் கம்பி கொதிச்சுக்கிட்டேதான் இருக்கும். பிள்ளைங்க அதைத் தரையில போட்டுட்டு அடுத்ததை வாங்க ஓடுவாங்க, பின்னால வர்ற குழந்தை வெறுங்காலோட மிதிக்கும். உள்ளங்கால்ல கோடு போட்ட மாதிரி வெந்திருக்கும். வாளி நிறையத் தண்ணி வைங்க, எரிஞ்ச கம்பி நேரா அதுக்குள்ள போகணும். பையனுக்குக் காலை மூடுற ஷூ, பருத்திச் சட்டை. புதுசா வாங்கின பளபளா சில்க் குர்தாவைக் கோயிலுக்குப் போட்டு விடுங்க. நைலான், பாலியஸ்டர் உருகித் தோல்ல ஒட்டிக்கும்.

புஸ்வாணத்தை நீளமான ஊதுபத்தியால, முகத்தைத் திருப்பிக்கிட்டுப் பெரியவங்க பத்த வைக்கட்டும். திரி அணைஞ்சுபோனா குனிஞ்சு பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் தள்ளி நின்னு, தண்ணியை ஊத்திடுங்க.

வில்லிவாக்கம் அம்மா:
ரொம்ப நன்றி சிஸ்டர். சுட்டுட்டா உடனே இங்க் ஊத்தணும்னு மாமியார் சொல்றாங்களே?

தீக்காய வார்டு நர்ஸ்:
அவங்க காலத்துல அப்படித்தான் செஞ்சாங்க, பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. இங்க், பேஸ்ட், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. வீங்கறதுக்கு முன்னாடி மோதிரம், காப்பைக் கழட்டுங்க. ஒட்டின துணியைப் பிய்க்காதீங்க. முகம், கை, மூட்டுன்னா 108க்குப் போன் போடுங்க, கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியில தீக்காயத்துக்குன்னே தனி வார்டு இருக்கு. கண்ணுல பட்டா கசக்க விடாம நேரா கண் ஆஸ்பத்திரி.

இன்னொண்ணு. மறுநாள் காலையில பசங்க வெடிக்காத வெடியைப் பொறுக்கி, பிரிச்சு, மருந்தைப் பேப்பர்ல கொட்டிப் பத்த வைப்பாங்க. அது குப்புன்னு முகத்துக்கே வரும். புருவமெல்லாம் கருகி வந்த பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன். அதனால அன்னைக்கு ராத்திரியே மாடி முழுக்கத் தண்ணி தெளிச்சுப் பெருக்கிடுங்க.

கொளத்தூர்க்காரன்:
குப்பையை நனைச்ச பிறகே கட்டிப் போடுங்க. துப்புரவுத் தொழிலாளிங்க அதைக் கையாலதான் அள்ளுறாங்க.