டைட்டிலில் இயக்குநர் பெயர் ஏன் கடைசியில் வருகிறது?

தாராவி வாசி:
நேற்று மும்பை சயானில் படம் பார்த்தேன். ஹீரோ பெயர் முதலில், இயக்குநர் பெயர் கடைசியில். படத்தையே எடுத்தவருக்கு ஏன் கடைசி இடம்?

செம்பூர் எடிட்டர்:
அதுதாங்க மரியாதையான இடம், அந்தப் பெயர் மறைந்ததும் கதை தொடங்கிவிடும். ஹாலிவுட்டில் இயக்குநர் சங்க விதியே அப்படித்தான். 1980-இல் ஜார்ஜ் லூகாஸ், தான் தயாரித்த ஸ்டார் வார்ஸ் படத்தில் இயக்குநர் பெயரைத் தொடக்க டைட்டிலில் போடாமல், படம் முடிந்த பிறகு போட்டார் என்று சங்கம் அபராதம் விதிக்க, அவர் சங்கத்தைவிட்டே விலகிவிட்டார். அப்புறம் நேரக்கணக்கு: நான் டைட்டில் வெட்டும்போது ஒவ்வொரு பெயரையும் நிதானமாக இரண்டு முறை வாசித்துப் பார்ப்பேன், அவ்வளவு நேரமாவது திரையில் நிற்க வேண்டும்.

மாட்டுங்கா அக்கா:
நம்ம ஊர் வழக்கமே தனி தம்பி. 'அண்ணாமலை' (1992) படத்தில் புள்ளி புள்ளியாகச் சேர்ந்து 'சூப்பர் ஸ்டார்' என்று வந்ததே, அந்தப் பெயரே ஒரு காட்சி!

தாராவி வாசி:
சரி, புரிந்தது. இனி டைட்டிலுக்கு முன்னாடியே சீட்டில் உட்கார்ந்துவிடுவேன்.