எரிந்த சரிவில் வெள்ளை ஸ்னாப்டிராகன்: எந்த இனம்?

மலைநடை:
தெற்குக் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா மலைகளில், 2018 நவம்பரில் வூல்சி தீ எரித்துச் சென்ற ஒரு சரிவில், அடுத்த மே மாதம் எடுத்த படங்களை இப்போதுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கரிந்த புதர்க்குச்சிகளுக்கு நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு செடி. நுனியில் நெருக்கமான வெள்ளைப் பூக்கள். பூ ஒன்றரைச் சென்டிமீட்டர்கூட இராது. ஆனாலும் இரு பக்கமும் மெல்ல அழுத்தியபோது, தோட்டத்து ஸ்னாப்டிராகனைப் போலவே வாய் திறந்தது. இது தோட்டத்திலிருந்து பரவியதா, அந்த மண்ணுக்கே உரியதா?

தாவரக்குறிப்பு:
தோட்டச் செடி என்று நான் நினைக்கவில்லை. மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்த தோட்டத்து ஸ்னாப்டிராகனான ஆன்டிரைனம் மாஜஸின் பூ 3 முதல் 4.5 சென்டிமீட்டர் வரை நீளும். நீங்கள் கண்டது கூல்டர் ஸ்னாப்டிராகனாக இருக்கலாம். பழைய கையேடுகளில் ஆன்டிரைனம் என்றும், 1988இல் தாவரவியலாளர் சட்டன் பிரித்த பேரினத்தின்படி சைரோகார்பஸ் கூல்டெரியானஸ் என்றும் இதைக் காண்பீர்கள். பெயரைவிடப் படத்தில் பார்க்க வேண்டியது வேறு: பூக்கதிருக்குக் கீழே, இலைக்கக்கங்களிலிருந்து நூல் போன்ற சிறுகிளைகள் கிளம்பி அண்டைக் குச்சிகளைச் சுற்றியிருக்கின்றனவா?

விதைப்பை:
நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்றாலும், அதே மலைகளில் உள்ள நட்டல் ஸ்னாப்டிராகன் ஊதாப் பூ உடையது. அதற்கும் பற்றும் சிறுகிளைகள் உண்டு. இளஞ்சிவப்பாகப் பூக்கும் மல்டிஃப்ளோரஸ் இனமோ கையில் பிசுபிசுவென்று ஒட்டும், எதையும் பற்றாமல் தானே நிமிர்ந்து நிற்கும். இடமும் உங்கள் ஊகத்துக்குத் துணை நிற்கிறது. சாப்பரல் புதர்க்காட்டு மண்ணில் உறங்கிக் கிடக்கும் பலவகை விதைகள், தீயின் வெப்பமோ புகையோ கரியோ தூண்டிய பின், மழை வந்ததும் முளைப்பவை. கூல்டர் ஸ்னாப்டிராகனும் எரிந்த நிலங்களிலும் கிளறப்பட்ட மண்ணிலும் மிகுந்து தோன்றும். புதர்கள் மீண்டும் அடர்ந்ததும் அது குறைந்துவிடும். ஆகவே இப்போது அங்கே சென்று காணாமல் திரும்பினால், அழிந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

மலைநடை:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் காய்ந்த புல் என்று எண்ணி ஒதுக்கியது புல்லன்று. அச்செடியின் தண்டிலிருந்தே கிளம்பிய மெல்லிய கிளை, கரிக்குச்சியை மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறது.